கறுப்புச் சூறாவளி மேஜர் டெய்லர்

தோட்டத்துத் தோழர்களே, சைக்கிள் நமக்குப் புதிய சாமான் அல்ல. லயத்து வாசலில் அதைச் சாத்தி வைத்து வளர்ந்தவர்கள் நாம். அந்த இரண்டு சக்கரத்தை வைத்தே உலகத்தை ஜெயித்த ஒரு வண்டிக்காரர் மகனை இன்று நினைத்துப் பார்ப்போம்.

மார்ஷல் டெய்லர் 1878-ம் ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்தார். கறுப்பினத்தவர். தகப்பனார் வெள்ளைக்காரப் பணக்காரர் வீட்டில் குதிரைவண்டி ஓட்டியவர். அந்த வீட்டுப் பையனுக்கு விளையாட்டுத் துணையாகப் போன இடத்தில்தான் இவருக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது. பிறகு சைக்கிள் கடையிலே வேலை. பட்டாள உடுப்பு போட்டுக்கொண்டு கடை வாசலில் வித்தை காட்டுவார். அதனால் 'மேஜர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அவருடைய திறமையைக் கண்ட லூயிஸ் மங்கர் என்ற வெள்ளைக்காரப் பந்தய வீரர், 1895-ல் அவரை வூஸ்டர் நகருக்குக் கூட்டிப்போய் ஆதரித்தார். மறு ஆண்டே, 18 வயதில், டெய்லர் தொழில்முறை வீரரானார்.

ஸ்பிரிண்ட் பந்தயத்தில் முதலில் மெதுவாக ஓட்டி, ஒருவரையொருவர் நோட்டம் பார்ப்பார்கள். கடைசியில்தான் மின்னலாகப் பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலில் டெய்லரை மிஞ்ச ஆளில்லை. அதனால் மற்றவர்கள் கூட்டுச் சேர்ந்து அவரை நடுவிலே அடைத்து மறித்தார்கள். 1897-ல் டான்டன் நகரில், தோற்றுப்போன ஒருவர் அவரைக் கீழே தள்ளி, நினைவு தப்பும்வரை கழுத்தை நெரித்தார். அதற்குக் கிடைத்த தண்டனை வெறும் 50 டாலர் அபராதம்!

டெய்லர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. 1899-ல் மொன்றியலில் ஒரு மைல் ஸ்பிரிண்டில் உலக சாம்பியன் ஆனார். 1901-ல் பாரிஸில் பிரெஞ்சு வீரர் ஷாக்லானிடம் முதல் போட்டியில் தோற்றார். சில நாளிலேயே மறு போட்டியில் அவரை வென்று காட்டினார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் ஓட்டினார். கடவுள் பக்தி மிக்கவர். எவ்வளவு பணம் கொடுக்க வந்தாலும், அந்நாட்களில் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு மறுத்துவிட்டார்.

1910-ல் ஓய்வு பெற்றார். போட்ட தொழில்கள் நஷ்டமாயின, நோயும் சேர்ந்தது. 1928-ல் தன் வரலாற்றைத் தானே அச்சிட்டு, சிகாகோவில் வீடு வீடாகப் போய் விற்றார். 1932-ல் ஆஸ்பத்திரியின் இலவச வார்டில் காலமானார். அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். 16 வருஷம் கழித்து, 1948-ல், பழைய பந்தய வீரர்கள் சிலர் ஒன்றுகூடி, சைக்கிள் முதலாளி ஃபிராங்க் ஷ்வின் கொடுத்த பணத்தில், அவருடைய உடலை நல்ல இடத்துக்கு மாற்றிக் கல் நாட்டினார்கள்.

கல் நாட்டியது நல்ல காரியம்தான். ஆனால் புத்தகத்தைச் சுமந்துகொண்டு அவர் கதவு கதவாகத் தட்டியபோது அந்தக் கைகள் எங்கே போயின? நம் மத்தியிலும் ஓட்டத்திலே, பந்திலே கெட்டிக்காரப் பிள்ளைகள் உண்டு. பேர் எடுத்து ஓய்ந்த பெரியவர்களும் உண்டு. பிள்ளைக்கு ஒரு மங்கராக இருப்போம். பெரியவரை அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பார்ப்போம்.