அரியணையும் துவக்கும்

தந்தையின் அரியணை மைந்தனுக்குப் பொருந்தும். தந்தையின் துவக்கு பொருந்துவது அரிது. வடமேற்கு இந்தியாவின் பிக்கானேர் அரச குடும்பத்தில் 1924-ஆம் ஆண்டு பிறந்த கர்ணி சிங், 1950-இல் பட்டம் எய்தினார். அதற்கு முன்பே, 1949-இல், அந்நாடு இராசத்தானத்துடன் இணைந்துவிட்டது. முடி பெயரளவில் நின்றது. புகழை ஈட்டித் தந்தது, பறக்கும் களிமண் தட்டுகளை அவர் சுட்டு வீழ்த்திய சொட்கன் துவக்கே.

அத்துவக்கிற் பின்குறி கிடையாது. சுடுவோன் கண்ணே பின்குறி. ஆதலின் தோளில் ஊன்றும் மரக்கட்டையின் அளவே குறியை நிச்சயிக்கின்றது. கட்டை நீண்டால் உடையிற் சிக்கும். குறுகினால் பெருவிரல் மூக்கில் இடிக்கும். கன்னம் படியும் விளிம்பு உயர்ந்தால் சன்னங்கள் மேலே செல்லும். தாழ்ந்தால் கீழே செல்லும்.

1960-இல் உரோம் ஒலிம்பிக்கிற் சுட்டபோது அவருக்கு வயது 36. 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஐந்தாம் முறையாக 1980-இல் மொஸ்கோ ஒலிம்பிக்கிற் கலந்துகொண்டபோது வயது 56. இருபது ஆண்டுகளில் எவர் தோளும் கன்னமும் மாறும்; கட்டையைச் சீவியோ கூட்டியோ மீண்டும் அளவு பார்த்தல் வேண்டும்.

1971-இல் மன்னர் மானியமும் ஒழிந்தது. 1988-இல் அவர் மறைந்தார். பிறப்பால் வந்த பெருமை சட்டத்தால் நீங்கிற்று. பழகிப் பெற்ற பெருமையோ நிலைத்தது.