ரிமோட்டுக்கெல்லாம் தாத்தா: நிகோலா டெஸ்லா

டிவி ரிமோட்டை அமுக்கினா ஏசி ஏன் ஆன் ஆகறதில்ல? ரெண்டு ரிமோட்டும் அகச்சிவப்பு ஒளியைத்தானே அனுப்புது? இந்த மாதிரிக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடியே விடை தேடினவர் ஒருத்தர் இருக்கார். மாறுதிசை மின்சாரப் பாடத்துல நாம படிச்ச அதே நிகோலா டெஸ்லாதான்.

1856-ல், இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் கிராமத்தில் பிறந்தார். 1884-ல் நியூயார்க் வந்து கொஞ்ச மாசம் எடிசன் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு சொந்த ஆய்வகம். 1895 மார்ச்சில் அது தீப்பிடித்து, பல வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் சாம்பலாச்சு.

மனுஷன் உட்காரலை. 1898-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், தொட்டித் தண்ணியில ஒரு இரும்புப் படகை விட்டார். வயர் கிடையாது. கையில ஒரு பெட்டி மட்டும். படகு திரும்புச்சு, நின்னுச்சு, விளக்கு எரிஞ்சுச்சு. ரேடியோவே புதுசா இருந்த காலம் அது. உள்ளே பழக்கின குரங்கு இருக்குனும், மந்திரம்னும் ஜனங்க பேசிக்கிட்டாங்க.

உள்ளே இருந்தது உலோகத்தூள் நிரப்பின ஒரு சின்னக் குழாய். ரேடியோ அலை பட்டா தூள் மின்சாரத்தைக் கடத்தும், ரிலே இழுக்கும், ஒரு சக்கரம் ஒரு படி நகரும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வேலை. அந்த வருஷம் நவம்பர் 8-ம் தேதி காப்புரிமை எண் 613,809 கிடைச்சுது.

அடுத்த சிக்கல்தான் பெருசு. வேற யாராவது அலை அனுப்பினா, படகு அவங்க பேச்சையும் கேட்குமே? அதுக்கு டெஸ்லா சொன்ன வழி, 1903-ல் கிடைச்ச காப்புரிமைகளில் இருக்கு: ரெண்டு வெவ்வேறு அதிர்வெண்ணும் சேர்ந்து வந்தாத்தான் கருவி வேலை செய்யும். ஒண்ணு மட்டும் வந்தா அசையாது. நம்ம பாஷையில சொன்னா, அது ஒரு ஆண்ட் கேட்.

இன்னைக்கு நம்ம டிவி செய்யறதும் இதே மாதிரிதான். ரிமோட் அனுப்புற சிக்னல்ல கட்டளையோட முகவரியும் இருக்கும். முகவரி தனக்கானது இல்லைன்னா டிவி கண்டுக்காது. யுனிவர்சல் ரிமோட்ல கோட் செட் பண்ணும்போது, டிவி, செட்டாப் பாக்ஸ், சவுண்ட்பார்னு ஒவ்வொண்ணோட பாஷையையும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கறோம். பட்டனை அமுக்கறது சுலபம். சரியான ஆள் மட்டும் திரும்பிப் பார்க்கணும், அதுதான் கஷ்டம்.

படகை அமெரிக்கக் கடற்படை வாங்கலை. யாரும் பெருசா பயன்படுத்தறதுக்குள்ள, 1915-ல் காப்புரிமைக் காலமும் முடிஞ்சுது. 1943 ஜனவரி 7 அன்னைக்கு நியூயார்க்கர் ஹோட்டலின் 3327-ம் அறையில், 86 வயசுல, பெரிய சொத்து எதுவும் இல்லாம தனியா இறந்துபோனார்.

வீட்டு வீட்டுக்கு ரிமோட் வந்ததைப் பார்க்க அவர் இல்லை. ஆனா அதுக்குள்ள இருக்கிற யோசனையில அவர் பங்கு இருக்கு.