காந்தத்தைச் சுற்றி ஒரு மாயக் கோலம்... குழந்தைகளுக்கு அறிவியல் சொன்ன மைக்கேல் ஃபாரடே யார்?

ஒரு காந்தம், ஒரு தாள், ஒரு பிடி இரும்புத்தூள். இந்த மூணும் இருந்தா போதும், வீட்டுலயே ஒரு குழந்தைக்குக் காந்தவியலின் முதல் பாடத்தை நடத்திடலாம். காந்தத்தின் மேல் தாளை வைத்து, தூளைத் தூவி, விரலால் லேசாகத் தட்டினால் போதும். ஒவ்வொரு துகளும் குட்டிக் காந்தமாக மாறி, ஒன்றோடு ஒன்று கைகோத்து, வளைவு வளைவாக நிற்கும்.

ஃபாரடேவுக்கு முன்பே பலர் இதைப் பார்த்திருந்தார்கள். ஆனால், அந்தக் கோலத்துக்குள் இயற்கையின் பெரிய ரகசியம் இருக்கிறது என்று நம்பியவர் அவர்தான்.

பைண்டிங் கடையில் தொடங்கிய படிப்பு

1791 செப்டம்பர் 22 அன்று லண்டன் அருகே பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. அப்பா கொல்லர். குடும்பத்தில் வறுமை. எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு... பள்ளிக்கூடத்தில் கற்றது அவ்வளவுதான். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார்.

பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களையே படித்தார். படித்ததை அப்படியே நம்பாமல், கையில் கிடைத்த பொருட்களை வைத்துச் செய்தும் பார்த்தார். 1812-ல் பிரபல வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அதைத் தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது.

காந்தத்திலிருந்து மின்சாரம்!

மின்சாரம் பாயும் கம்பி, பக்கத்தில் இருக்கும் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-ல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் கண்டறிந்தார். சரி, மின்சாரம் காந்தத்தை உருவாக்கும்னா, காந்தம் மின்சாரத்தை உருவாக்காதா?

1831-ல் ஃபாரடேவுக்கு விடை கிடைத்தது. கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் செருகியதும் கருவியின் முள் அசைந்தது. வெளியே இழுத்தபோது எதிர்ப்பக்கம் அசைந்தது. காந்தம் சும்மா இருந்தால் முள்ளும் சும்மா இருந்தது. அசைவுதான் விஷயம்! இன்று நம் வீட்டுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்கள் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

கணக்கு தெரியாதவர் சொன்னது எடுபட்டதா?

உடனே எடுபடவில்லை. காந்தத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்திலும் விசைக்கோடுகள் இருக்கின்றன என்றார் ஃபாரடே. உயர்கணிதம் அவருக்குத் தெரியாது. சமன்பாடு இல்லாத இந்தக் கருத்தைப் பல அறிஞர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அதைக் கணிதமாக எழுதிக் காட்டியபோதுதான் அதன் ஆழம் உலகுக்குப் புரிந்தது.

கணக்கு இல்லாமலே, கண்ணால் பார்த்தும் கையால் செய்தும் இவ்வளவு தூரம் வந்தவருக்கு, குழந்தைகளும் அப்படித்தான் கற்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

குழந்தைகளுக்காக 19 கிறிஸ்துமஸ்

சிறுவர்களுக்காக ராயல் இன்ஸ்டிடியூஷன் 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில், 1827 முதல் 1860 வரை 19 தொடர்களை ஃபாரடேவே நடத்தினார். மின்காந்தத்தின் வலிமையைக் காட்ட, நிலக்கரி வாளியையும் இடுக்கியையும் அதன் மேல் வீசுவாராம். அவை பட்டென்று ஒட்டிக்கொள்ள, அரங்கமே சிரிப்பில் அதிரும்! அவர் செய்து காட்டியவற்றில் பல, பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாங்களே செய்து பார்க்கக்கூடியவை.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டியின் தலைவர் பதவியையும் ஏற்கவில்லை. அவருக்கும் மனைவி சாராவுக்கும் பிள்ளைகள் இல்லை. கடைசிக் காலத்தில் நினைவாற்றல் குறைந்து, 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார்.

அடுத்த முறை வீட்டுல ஒரு குழந்தை காந்தத்தைக் கையில் எடுத்தா, விளக்கத்தை உடனே சொல்லிடாதீங்க. முதல்ல தூளைத் தூவட்டும், தட்டட்டும், பார்க்கட்டும். கேள்வி தானா வரும். ஃபாரடேவுக்கும் அப்படித்தான் வந்தது.