புகையை வெளியேற்றிய கணக்கர்: ஜே. சி. குமரப்பா

நுழையும்முன்

மாணவர்களே! மழை ஓயாத ஆடி மாதத்தில் மூணாற்றிலோ நெல்லியாம்பதியிலோ விறகடுப்பு எரியும் வீட்டிற்குள் சென்றிருக்கிறீர்களா? ஈர விறகு எரியாமல் புகையும். ஊதுகுழலால் ஊதி ஊதி, சமைப்பவரின் கண்கள் சிவந்துவிடும். அப்புகையை வீட்டினின்று வெளியேற்றுவதும் நாட்டுப்பணியே எனக் கொண்டு உழைத்த அமைப்பு ஒன்று இருந்தது. அதனை வழிநடத்திய தமிழரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

குமரப்பா 1892ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் தஞ்சாவூரில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ் என்பது அவரது இயற்பெயர். இலண்டனில் கணக்கியல் பயின்று அங்கேயே பணியாற்றினார். அன்னையின் விருப்பத்தால் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்திப் பொருளீட்டினார்.

1927ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, சைரக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் பயின்றார். அரசின் வரவு செலவுக்கும் இந்திய மக்களின் வறுமைக்கும் உள்ள தொடர்பை அங்கே ஆராய்ந்தார். பிறருடைய இலாபத்தைக் கணக்கிட்டுவந்தவரின் பார்வை, ஏழைகளின் இழப்பைக் கணக்கிடத் திரும்பியது.

காந்தியடிகளின் வழியில்

1929ஆம் ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைச் சந்தித்தார். அதன்பின் மேலைநாட்டு உடையைத் துறந்து கதர் அணிந்தார். குமரப்பா என்னும் குடும்பப் பழம்பெயரையும் ஏற்றார். குஜராத்தின் மாத்தர் வட்டத்தில் மாணவர்களுடன் சிற்றூர் சிற்றூராகச் சென்று, உழவரின் வரவையும் செலவையும் ஆராய்ந்து அறிக்கை அளித்தார்.

1934ஆம் ஆண்டு அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியது. காந்தியடிகளின் வழிகாட்டலில் இயங்கிய அதன் செயலாளர் குமரப்பா. வார்தாவில், மகன்லால் காந்தியின் நினைவாகப் பெயரிடப்பட்ட மகன்வாடி அதன் இருப்பிடமாயிற்று. கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய், கைத்தாள், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் எனச் சிற்றூர்த் தொழில்கள் பலவும் அங்கு வளர்ந்தன. தாவர எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவானது.

அடுப்பும் புகைபோக்கியும்

அவ்வரிசையில் வந்ததே மகன் சூலா. சூலா என்னும் இந்திச் சொல்லுக்கு அடுப்பு என்பது பொருள். 1947ஆம் ஆண்டு அறிமுகமான இவ்வடுப்பு, மண்ணால் கட்டப்பட்டுப் புகைபோக்கி பொருத்தப்பட்டது. புகையில்லா அடுப்புக்கான இந்திய முயற்சிகளுள் இது முன்னோடியாகும்.

புகைபோக்கி இயங்கும் முறை எளியது. சூடான காற்று எடை குறைந்து குழாயில் மேலேறும். அவ்வாறு ஏறும்போது, அடுப்பின் வாய்வழியே புதிய காற்றை உள்ளே இழுக்கும். தீ நன்கு எரியும். புகை கூரைக்கு மேலே சென்றுவிடும்.

ஆயினும் இதன் வெற்றி குழாய்களின் இணைப்பில்தான் உள்ளது. மேற்குழாயின் குறுகிய முனையைக் கீழ்க்குழாயின் அகன்ற வாய்க்குள் செருகவேண்டும். அப்போதுதான் குளிர்ந்து வடியும் கரிநீர் வெளியே கசியாமல் குழாய்க்குள்ளேயே இறங்கும். மண்குழாயின் இணைப்பைக் குழைத்த களிமண்ணால் பூசி அடைக்கவேண்டும். இடைவெளி இருப்பின் குளிர்காற்று உட்புகும், இழுப்பு குறையும், புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும். வளைவுகள் மிகுந்தால் கரி படியும். ஓலைக் கூரையைக் குழாய் தொட்டால் தீப்பற்றும். குழாயின் உச்சி கூரைக்கு மேலே உயர்ந்து நிற்பதும், மழைநீர் புகாதபடி மூடி பெறுவதும் இன்றியமையாதன.

பிற்காலத்தில் அரசுத் திட்டங்களின்வழி நாடெங்கும் அமைக்கப்பட்ட மேம்பட்ட அடுப்புகள் பல, பராமரிப்பின்றிக் கைவிடப்பட்டன. கரியை நீக்கவும், விரிசலை அடைக்கவும், உடைந்த குழாயை மாற்றவும் ஊரிலேயே ஒருவர் அறிந்திருக்கவேண்டும். ஊருக்குத் தேவையானதை ஊராரே செய்யவும் பழுதுபார்க்கவும் கற்கவேண்டும் என்று குமரப்பா வற்புறுத்தியதன் உண்மையை இது உணர்த்துகிறது.

இறுதிக்காலம்

விடுதலைப் போரில் குமரப்பா பலமுறை சிறை சென்றார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் சிறையில் எழுதப்பட்டதே. இயற்கையின் செல்வத்தை அழிக்காமல் வாழும் வழியை அந்நூல் கூறுகிறது. விடுதலைக்குப்பின் நிலச்சீர்திருத்தக் குழுவிற்குத் தலைமை தாங்கினார். மதுரையை அடுத்த கல்லுப்பட்டியில், காந்தி நிகேதன் ஆசிரமத்தில் எளிய குடிலில் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1960ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, மறைந்தார்.

இன்று எரிவாயு அடுப்பு பல வீடுகளுக்கு வந்துவிட்டது. ஆயினும் உலகில் ஏறத்தாழ 200 கோடி மக்கள் இன்னும் புகை சூழவே சமைக்கின்றனர். நம் மலைப்பகுதிகளிலும் விறகடுப்பு முற்றிலும் மறையவில்லை. சமைப்பவரின் கண்ணீரையும் இருமலையும் செலவுக் கணக்கில் எழுதாத பொருளாதாரம் முழுமையானதன்று. இதுவே குமரப்பாவின் வாழ்வு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

சொற்பொருள்

தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
கைத்தாள் – கையால் செய்யப்படும் காகிதம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

பயிற்சி

1. குமரப்பாவின் இயற்பெயர் யாது?
2. மகன்வாடியில் வளர்ந்த தொழில்களுள் நான்கினைக் குறிப்பிடுக.
3. குழாய் இணைப்பில் இடைவெளி இருந்தால் புகை வீட்டுக்குள் திரும்புவது ஏன்?
4. பிரித்து எழுதுக: சிற்றூர், விறகடுப்பு, செக்கெண்ணெய்.
5. உங்கள் ஊரில் விறகடுப்பு உள்ள ஒரு வீட்டிற்குச் சென்று, புகை வெளியேறும் வழியைக் கண்டு, பத்து வரிகளில் எழுதுக.