ஏழ்மைக்குக் கணக்குக் கேட்ட கிறிஸ்தவர்

விடுமுறை வந்ததும் சென்னைத் திருச்சபைகளைச் சேர்ந்த வாலிபர்கள் ஊழியத்துக்கென்று வெளியூர் புறப்படுவது வழக்கம். மீஞ்சூரைத் தாண்டிப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பங்களுக்குச் செல்ல மூட்டை கட்டும் வாலிபர்களுக்கு நாம் ஒரு யோசனை கூறுவோம். அரிசியோடும் துணியோடும் ஜே. ஸி. குமரப்பாவின் வாழ்க்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.

ஸ்ரீ குமரப்பா 1892-ஆம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அவர் பெயர் கார்னீலியஸ். லண்டனில் கணக்குப் பரிசோதனைத் தொழில் கற்று, பம்பாயில் சொந்தக் காரியாலயம் நடத்தினார். மேனாட்டு உடையும் நிறைந்த வருமானமும் அவருக்கு இருந்தன. பின்னர் அமெரிக்கா சென்று படிக்கையில், இந்தியா ஏன் ஏழ்மையில் கிடக்கிறது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் பேசினார். கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் செலிக்மன் அவ்விஷயத்தையே ஆராயும்படி தூண்டினார். சர்க்காரின் வரவு செலவு ஏடுகளைப் புரட்டப் புரட்ட, தேசத்தின் தரித்திரம் விதியின் செயலன்று, அந்நிய ஆட்சி வரி தண்டிச் செலவிட்ட முறையின் பலன் என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

1929-ல் தாயகம் திரும்பிச் சபர்மதியில் காந்தியடிகளைக் கண்டார். கதருடுத்தி, மூதாதையரின் குமரப்பா என்னும் பெயரையும் ஏற்றார். குஜராத்தி பாஷை அறியாத அவரிடம் காந்தியடிகள் ஒப்புவித்த வேலை, கேடா ஜில்லாவில் மாத்தர் தாலுகாவின் பொருளாதார நிலையை ஆராய்வது. குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைத் துணைக்கொண்டு 54 கிராமங்களின் வரவையும் செலவையும் கடனையும் அவர் கணக்கெடுத்தார். அம்மாணவர்கள் தானம் வழங்கச் சென்றவர்களல்லர், கேட்டறியச் சென்றவர்கள்.

பசித்தவனைக் கணக்கு முடியும்வரை காத்திருக்கச் சொல்லலாமா என்று சிலர் வினவக்கூடும். அவ்வாறு சொன்னவரல்லர் குமரப்பா. 1934-ல் பீஹார் பூகம்ப நிவாரணத்தில் பொக்கிஷப் பொறுப்பை ஏற்று உழைத்தார். ஏழைகளுக்கென்று வந்த பணத்தில் காந்தியடிகளின் பரிவாரத்துக்கும் விதிவிலக்கு அளிக்க மறுத்தார். அவ்வாண்டின் இறுதியில் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் காரியதரிசியானார்.

சத்தியாக்கிரகத்தைக் கண்டித்த கல்கத்தா அத்தியட்சர் வெஸ்ட்காட்டை, கிறிஸ்துவின் போதனையையே ஆதாரமாகக் கொண்டு எதிர்த்தெழுதினார். ஆகஸ்ட் போராட்டக் காலத்தில் சிறையிலிருந்தபோது இயேசுநாதரின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூலும், நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி மற்றொரு நூலும் எழுதினார். ஜெபமும் கணக்கும் அவருக்கு வெவ்வேறாக இருக்கவில்லை. இறுதிக் காலத்தைத் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில் கழித்து, 1960-ஆம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே தினத்தில், மதுரையில் காலமானார்.

நகரத்துத் தரித்திரத்தின் வேர் நகரத்தில் இல்லை, கிராமத்தின் தொழில் நசித்ததில் இருக்கிறது என்பதே அவருடைய முடிவின் சாரம். பழவேற்காட்டில் இன்றும் அதைக் காணலாம். ஏரியில் இன்னார் இன்ன நாளில் வலையிடுவதென்று சீட்டுப் போட்டுப் பங்கிடும் பாடு முறையை மீனவர்கள் தலைமுறைகளாகக் காத்து வருகிறார்கள். பங்கீட்டில் நியாயம் உண்டு. பங்கிடும் மீனல்லவா குறைகிறது! முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீரும் மீனும் ஏரிக்குள் புகுவதில்லை. தெற்கே எண்ணூர்க் கரையில் அனல் மின் நிலையங்களும், 2001 முதல் துறைமுகமும் எழுந்துள்ளன. வலை வெறுமையானால் வலைஞன் கூலியாளாகிறான். அவன் மகன் வடசென்னைச் சந்துகளில் குடிசை தேடுகிறான்.

ஆகவே வாலிபர்களே, கொடுப்பதைக் கொடுங்கள், அதோடு நில்லாதீர்கள். வலைக்கு என்ன கடன், மீனுக்கு என்ன விலை, இடையில் யாருக்கு எவ்வளவு என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். எழுதியதைத் திருச்சபையின் முன்னும் சர்க்காரின் முன்னும் வையுங்கள். ஏழையின் முகத்தைக் கண்டு இரங்குபவர் பலர். அவன் ஏழையான காரணத்தைக் கண்டு அதை எதிர்த்து நிற்பவரே அவனுக்கு உற்ற துணைவர். குமரப்பா அவ்வாறு நின்றார்.