பிழையைத் தோழமையாக்கிய அம்மையார்

எழுதிப் பழகும் குழந்தையின் பலகையில் முதலில் நம் கண்ணிற் படுவது எழுத்தன்று, எழுத்துப் பிழையே. அழித்துத் திருத்த நம் கை உடனே நீள்கிறது. அந்தக் கையைச் சற்றே பின்னிழுத்துக் கொள்ளும்படி உலகத்து ஆசிரியர்க்குக் கற்பித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அவர் 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில் உரோம் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1896இல் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியோர் எனச் சமூகம் ஒதுக்கிவைத்த சிறாரிடையே பணியாற்றியபோது, அவர்களுக்கு மருந்தினும் மிகுதியாக வேண்டுவது கல்வியே எனக் கண்டார். பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகேன் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து கற்றுப் பயிற்சி அளித்தார். அச்சிறாருள் சிலர் ஏனைய பிள்ளைகளோடு பொதுத்தேர்வு எழுதித் தேறினர். கண்டவர் வியந்தனர். அம்மையார் உள்ளத்திலோ வேறொரு வினா எழுந்தது. குறையேதும் இல்லாத பிள்ளைகளை இந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருப்பது எது?

விடை தேடும் வாய்ப்பு 1907 ஜனவரி 6ஆம் நாள் வந்தது. உரோம் நகரில் சான் லொரென்சோ என்னும் ஏழைமக்கள் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் ஒன்றை அன்று அவர் தொடங்கினார். அங்கே பயன்பட்ட கருவிகளுள் ஒன்று மரக்கட்டை. பத்து உருளைகளும் அவை பொருந்தும் பத்துக் குழிகளும் கொண்டது அது. சிறிய உருளையைப் பெரிய குழியில் இட்டுவிட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சி நிற்கும். தவறு நேர்ந்ததை ஆசிரியர் கூறவேண்டியதில்லை, கட்டையே கூறிவிடும். குழந்தை சிந்திக்கும், அனைத்தையும் எடுத்து மீண்டும் அடுக்கும். அங்கே பிழை என்பது தண்டனைக்குரிய குற்றமன்று, அடுத்த முயற்சிக்கு வழிகாட்டி.

1909இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்துள்ளார். தொட்டி நீரில் பொம்மைகள் மிதக்கின்றன; சிறுவர் சூழ்ந்து நிற்கின்றனர். இரண்டரை வயதுக் குழந்தையொன்று கூட்டத்துள் நுழைய முயன்று தோற்கிறது. சுற்றிலும் பார்க்கிறது. சிறு நாற்காலி ஒன்று தென்படுகிறது. அதை இழுத்துவந்து ஏறிப் பார்க்கலாம் என்னும் எண்ணம் தோன்றியதும் அதன் முகம் மலர்கிறது. அந்நொடியில் ஆசிரியை இரக்கமுற்று அதனைத் தூக்கிப் பொம்மைகளைக் காட்டிவிடுகிறார். குழந்தை பொம்மைகளைக் கண்டது. ஆனால் முகத்தில் மலர்ந்த மகிழ்ச்சி மறைந்தது. தானே வழி கண்டு வெல்லும் இன்பத்தை அன்பே பறித்துவிட்டது என்பது அம்மையாரின் வருத்தம்.

மற்றொரு காட்சி மகிழ்ச்சி தருவது. டிசம்பர் மாதத்து வெயிலில், மேல்மாடியில், ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைத் தந்து புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் திடீரெனத் தனக்கு எழுத வருகிறதென்று கூவினான். கை என்னும் சொல்லைத் தரையில் எழுதினான். தொடர்ந்து புகைபோக்கி, கூரை என்னும் சொற்களையும் எழுதினான். அதுவரை அவன் எழுத்துகளின் வடிவைத் தடவிப் பார்த்தும் ஒலிகளைச் சேர்த்தும் பழகியவனே அன்றி, எழுதியவன் அல்லன்.

அம்மையாரின் முறைக்கு மறுப்பும் எழுந்தது. கருவிகளைக் குறித்த முறையிலேயே கையாளச் செய்வது கற்பனை விளையாட்டுக்கு இடந்தராது என அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1914இல் எழுதினார். சிறு குழந்தைகளுக்கு மாயக்கதைகள் ஏற்றவையல்ல என்ற அம்மையாரின் கருத்தைக் கவிஞராகிய நாம் முற்றும் ஏற்றல் அரிது. அவர் வாழ்விலும் பிழைகள் உண்டு. தம் பள்ளிகள் பெருக வேண்டுமென முசோலினியின் ஆதரவை 1924இல் ஏற்றார். சிந்திக்கும் குழந்தையும் கீழ்ப்படிதலையே வேண்டும் ஆட்சியும் ஓரிடத்தில் வாழ இயலுமா? 1934இல் உறவு முறிந்தது. அவர் முறையிலான பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன. பின்னர் ஸ்பெயினில் இருந்தார்; 1936இல் உள்நாட்டுப் போர் அங்கிருந்தும் அவரை விரட்டியது.

பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் அவரிடம் ஆசிரியப் பயிற்சி பெற்றனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கவே, உடன் வந்த மகன் மரியோவை ஆங்கில அரசு சிறைவைத்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி மகன் விடுதலை பெற்றார். பின்னர்க் கோடைக்கானலில் தங்கிய காலத்தில், செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் சிறாரோடு ஆராய்ந்து, வளர்ந்த பிள்ளைகளுக்கான கல்வியைத் தாய்க்கும் மகனுக்குமான கூட்டுப்பணியாக விரித்தார். எழுபதைக் கடந்தும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. 1952 மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார்.

நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அவரை நினைப்பதற்குக் காரணம் உண்டு. வெண்பாவும் அம்மையாரின் மரக்கட்டை போன்றதே. தளை தட்டினால் ஓசையே அதைக் கூறிவிடும். முதற்பாவை நீட்டும் இளையவரிடம் பிழையைச் சுட்டிக்காட்டுவது நமக்கு எளிது. அதனை ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் செவியே அதைக் கண்டுகொள்ளும்வரை காத்திருத்தல் அரிது. அவரும் தமக்கான நாற்காலியைத் தேடிக்கொண்டிருக்கலாம். தூக்கிக் காட்ட விரையாமல், அவர் ஏறி நின்று பார்க்க இடம்விட்டு நிற்போம்.