படுத்த படுக்கையாக இருந்த மூத்தோரை எழுப்பி நடக்க வைத்தவர்: மார்ஜரி வாரன் யார்?

1935ஆம் ஆண்டு. லண்டனின் மேற்குப் பகுதியில் உள்ள ஐசல்வர்த் வட்டாரம். வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் இருந்த ஏழைகளுக்கான விடுதியின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. 700க்கும் மேற்பட்டோரின் பொறுப்பு ஒரு மருத்துவரிடம் வந்தது. அவர்தான் டாக்டர் மார்ஜரி வாரன்.

பலர் முதியவர்கள். பல ஆண்டுகளாகப் படுக்கையிலேயே கிடந்தவர்களும் உண்டு. என்ன நோய்னு கேட்டா, பதில் ரொம்பச் சுலபம்: வயசாயிடுச்சு. அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

யார் இவர்?

1897இல் லண்டனில் பிறந்தவர். 1923இல் மருத்துவரானார். 1926இல் ஐசல்வர்த் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருக்கு ஆர்வம் இருந்தது அறுவைச் சிகிச்சையில். முதியோரைக் கவனிப்பதை அந்தக் காலத்து மருத்துவர்கள் பெரிதாக மதிக்கவில்லை.

அப்படி என்ன செஞ்சார்?

முதல் வேலை, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தது. சாதாரண விஷயம்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அதுவரை அது நடக்கவில்லை.

பிறகு நோயாளிகளை வகைப்படுத்தினார். எழுந்து நடக்கக்கூடியவர்கள், படுக்கையில் இருந்தாலும் சிறுநீர், மலத்தைக் கட்டுப்படுத்த முடிந்தவர்கள், அது முடியாதவர்கள், மனக்குழப்பம் உள்ளவர்கள் எனப் பிரித்தார். எல்லாரையும் ஒரே மாதிரி பார்த்தால் யாருக்கு என்ன தேவை என்பதே தெரியாது, இல்லையா?

அடுத்து, வார்டுகளை மாற்றினார். சுவர்களுக்கு வெளிர் நிறச் சாயம், நல்ல வெளிச்சம், பிடித்து நடக்கக் கைப்பிடிகள். மருத்துவர், தாதியர், இயன்முறைச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லாரும் ஒரே குழுவாக வேலை செய்தனர்.

படுத்தே இருந்தா என்ன ஆகும்?

ஓய்வு நல்லதுதானே என்று நினைப்போம். ஆனால் நாள் கணக்கில் படுத்திருந்தால் தசைகள் மெலியும், மூட்டுகள் இறுகும், தோலில் புண் வரும். நோய் குணமானாலும் நடக்கும் திறன் போய்விடும். அந்த வார்டுகளில் பலரை முடக்கிப் போட்டது முதுமை மட்டுமல்ல, படுக்கையும்தான்.

பக்கவாதம் வந்தவர்களும் கால் இழந்தவர்களும் மீண்டும் நடக்கப் பழகினர். சிலர் வீடு திரும்பினர், சிலர் முதியோர் இல்லங்களுக்குச் சென்றனர். நீண்டகால நோயாளிகளுக்கான படுக்கைகள் சுமார் 240 ஆகக் குறைந்தன.

இதை மற்றவர்கள் ஏத்துக்கிட்டாங்களா?

உடனே இல்லை. 1943இலும் 1946இலும் பிரிட்டனின் முன்னணி மருத்துவச் சஞ்சிகைகளில் வாரன் தம் அனுபவத்தை எழுதினார். முதியோர் மருத்துவம் தனித் துறையாக வேண்டும், பொது மருத்துவமனைக்குள்ளேயே அதற்கு ஒரு பிரிவு வேண்டும், மாணவர்களுக்கும் அதைக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1947இல் பிரிட்டனில் முதியோர் மருத்துவத்திற்கான சங்கம் உருவானது. 1948இல் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவையில் அது தனித் துறையாக வளர்ந்தது.

1960இல் வெளிநாட்டுப் பயணத்தின்போது நேர்ந்த சாலை விபத்தில் சிக்கி வாரன் உயிரிழந்தார். பிரிட்டனில் அவரை முதியோர் மருத்துவத்தின் தாய் என்கிறார்கள்.

இது நமக்கு எதுக்கு?

2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதில் இருப்பார். நம்ம வீட்டுத் தாத்தா, பாட்டியும் அதில் அடக்கம். அவர்கள் மருத்துவமனையில் இருந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

- இன்று எழுந்து உட்கார்ந்தாரா, நடந்தாரா?
- இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும் தேவையா?
- வீடு திரும்பும்போது என்ன உதவி வேண்டும்?

வயசாயிடுச்சு என்பதை மட்டும் பதிலாக ஏற்காதீர்கள். வாரனும் ஏற்கவில்லை.